பள்ளிச் சேர்க்கையும் பொருட் செல்வமும்

உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையுடையதென்பது சைவசித்தாந்த நூல்கள் ஒருமுகமாகக் கூறுந் துணிபு. பளிங்கு தன்னருகே வைக்கப்பட்ட பொருளின் நிறத்தைத் தன்னிறம்போற் காட்டி நிற்றலைப்போல, உயிரும் தான் எதனைச் சார்கின்றதோ அதன் குணத்தையே தன் குணமாகக் கொண்டு நிற்கும். இவ்வுண்மை பந்தம் வீடு என்பனவற்றை ஆராயுமிடத்து மட்டும் பயன்படுவதொன்றன்று. பத்து வயதுச் சிறுவனொருவனை ஆறாம் வகுப்பில் எப்பள்ளியிற் சேர்ப்பதென்று தாயுந் தந்தையும் இரவெல்லாம் எண்ணமிடும்பொழுதும் இதுவே வினாவாய் முன்னிற்கின்றது. இனி ஏழாண்டுக் காலம் அச்சிறுவன் யாரைச் சாரப் போகின்றான்?

தமிழ் வழக்கில் ‘சேர்க்கை’ என்னுஞ் சொல் பள்ளியிற் பெயர் பதிவதையுங் குறிக்கும். ஒருவன் கூடிப் பழகுங் கூட்டத்தையுங் குறிக்கும். “அந்தப் பள்ளிக்கூடத்திலே சேர்க்கை சரியில்லை” என்று ஊரார் சொல்லுங்கால் அவர் கருதுவது பின்னையதே. அக்கூற்றின் பொருளை நிறுத்துப் பார்த்தல் ஈண்டுக் கருதிய பொருளாம்.

சென்னையினின்று பெங்களூர் செல்லும் பெருவழியில், ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிமாநகருக்கும் இடையே, வாலாஜாபாத்துச் சாலை பிரியுமிடத்தில் உள்ளது சுங்குவார்சத்திரம். வழிப்போவார்க்குச் சோறுந் தங்குமிடமும் அளிக்குஞ் சத்திரத்தாற் பெயர்பெற்ற ஊர். (சத்திரங்களிலும் குலத்துக்கொரு பந்தி என்னும் வழக்கம் பண்டு நிலவியதுண்டு, பழமையைப் புகழுங்கால் அதனை மறைத்துப் புகழ்தல் அறமன்று.) நெல்லும் வேர்க்கடலையும் விளைந்த அச்சுற்றுப்புறத்திற் சென்ற முப்பதாண்டுக்குள் சிப்காட் தொழிற்பேட்டைகள் எழுந்தன. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய்த் தொழிற்சாலையிற் கார்கள் 1998-இல் வெளிவரத் தொடங்கின. நோக்கியாவின் கைப்பேசித் தொழிற்சாலை 2006-இற் றொடங்கிப் பல்லாயிரவர்க்கு வேலையளித்து 2014-இல் மூடப்பட்டது. சாம்சங் 2007-இல் வந்தது. ஒரகடத்திற் கார்களும் சரக்கு வண்டிகளும் இருசக்கர வண்டிகளும் செய்யும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைந்தன.

இதனால் ஒரே தெருவில் நால்வகைக் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழலாயின. நிலத்தை விற்று மாடிவீடு கட்டி அதனை வாடகைக்கு விட்டவர் ஒருவகை. ஆலையில் நிரந்தர வேலை பெற்று மாதந்தோறும் ஊதியங் காண்பவர் ஒருவகை. அவ்வாலையிலேயே அதே பொறியின் முன்னின்று, ஒப்பந்தக்காரர் வழியாகக் குறைந்த கூலி பெறுபவர் மற்றொருவகை. பீகார், ஒடிசா முதலிய நாடுகளினின்று போந்து, தகரக் கூரையின்கீழ் ஓரறையில் வாழ்வோர் பின்னொருவகை. காலை ஏழு மணிக்குப் பெருவழியோரம் நின்று பார்ப்பார்க்கு இந்நால்வகையும் எளிதிற் புலனாம். மஞ்சள் நிறப் பேருந்துகள் வரிசையாய் வந்து, ஒரு தெருப் பிள்ளைகளை அவரவர் தந்தையர் கட்டும் பணத்துக்கேற்ப வெவ்வேறு வாயில்களிற் கொண்டுபோய் இறக்குகின்றன. எஞ்சியோர் புத்தகப் பையைத் தோளிலிட்டு அரசினர் பள்ளிக்கு நடக்கின்றனர், அன்றேல் அரசு தந்த மிதிவண்டியிற் செல்கின்றனர். மாலையில் அப்பிள்ளைகள் ஒரு மைதானத்தில் விளையாடுவரோவெனின், அதுவும் அரிதாய்விட்டது.

பொருட்செல்வம் பள்ளியொன்றின் இயல்பை எவ்வாறு ஆக்குகின்றதென்பதனை முதலில் உள்ளவாறே காணல்வேண்டும். கட்டிடத்தின் பளபளப்பை ஆராய்வதிற் பயனின்று. அது வெளிப்பட்ட விஷயம். ஆழ்ந்து நோக்கற்பாலன பிற உள. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குத் தனியே அமர்ந்து படிக்க ஓரிடமுண்டு. இரவில் விளக்கணைத்துப் படுக்கவேண்டிய ஓரறைக் குடித்தனப் பிள்ளைக்கு அஃதில்லை. முன்னவன் தேர்விற் குறைந்தால் உடனே தனிவகுப்புக்கு ஏற்பாடு நிகழும். பின்னவன் குறைந்தது பெற்றோர்க்குத் தெரிவதே அரிது. நாற்பதின்மர் உள்ள வகுப்பில் முப்பதின்மர் முன்னவனைப் போன்றவராயின், ஆசிரியர் பாடத்தை விரைந்து நடத்துவர். வீட்டில் ஒருவர் விளக்கிக்கொள்வார் என்னும் நம்பிக்கை அவ்விரைவுக்குத் துணையாகும். முப்பதின்மர் பின்னவனைப் போன்றவராயின், ஆசிரியர் முன்னாட் பாடத்தையே மீளவும் நடத்தவேண்டியவராவர். நல்லாசிரியராயின் அவ்வாறு செய்வர், அல்லாதவராயின் சலிப்புற்று ஒதுங்குவர். பணமுடைய பெற்றோர் பள்ளித் தலைவரை நேரிற் கண்டு வழக்காடுவர், அவர் வாய்ச்சொல்லுக்கும் மதிப்புண்டு. ஒருநாட் கூலியை இழந்து வந்து வாயிலில் நிற்பவர்க்குப் பேச நாவெழாது. ஆகவே ஒரு பள்ளியில் எவரெவர் வீட்டுப் பிள்ளைகள் பயில்கின்றனரோ, அவர்தம் பெற்றோர் குரலின் வன்மையும் மென்மையுமே காலப்போக்கில் அப்பள்ளியின் ஒழுங்காகவும் ஒழுங்கின்மையாகவும் உறைந்துவிடுகின்றன.

இவ்விஷயத்தை மேலைநாட்டார் அளந்தும் பார்த்துள்ளனர். அமெரிக்க நாட்டரசின் வேண்டுகோட்படி ஜேம்ஸ் கோல்மன் என்பவரும் அவரோடு சேர்ந்தாரும் 1966-இல் வெளியிட்ட பேரறிக்கை, பிள்ளையின் தேர்ச்சியிற் பள்ளியின் கட்டிடமும் கருவியும் செய்யும் வேறுபாட்டினும், அப்பிள்ளையின் குடும்பநிலையும் உடன்பயில்வாரின் குடும்பநிலையும் செய்யும் வேறுபாடு பெரிதென்று கூறிற்று. பள்ளிக்குப் பணம் ஒதுக்கினாற் போதுமென்று நினைத்திருந்தார்க்கு இது பெருவியப்பாயிருந்தது. சார்பின் வலியைச் சாத்திரங் கற்றார்க்கு இதில் வியப்பில்லை.

அற்றேல், செல்வர் பிள்ளைகள் பயிலும் பள்ளியை நாடுதலே அறிவுடைமையாம் பிறவெனின், அன்று. நல்லினத்தை நாடுதல் வேறு, செல்வினத்தை நாடுதல் வேறு. மண்ணின் சுவையை நீர் ஏற்பதுபோல மாந்தர் அறிவும் கூட்டத்தின் இயல்பை ஏற்குமென்று திருவள்ளுவனார் சிற்றினஞ் சேராமை என்னும் அதிகாரத்துக் கூறியதனை யாவரும் அறிவர். அவ்வதிகாரத்துப் பத்துப் பாட்டினும் வறியாரைச் சிற்றினமென்று குறிக்குமிடம் ஒன்றேனும் உண்டோவெனின், இல்லை. உரைகண்ட பரிமேலழகரும், நன்மை தீமையென ஒன்றில்லையென்பாரையும் காமுகரையும் வஞ்சகரையும் போல்வார் கூட்டத்தையே சிற்றினமென்று கொண்டார். அக்கூட்டத்தார் குடிசையிலும் இருப்பர், கோபுர வீட்டிலும் இருப்பர். “சேர்க்கை சரியில்லை” என்னுஞ் சொல்லை இவ்வளவுகோலாற் சோதித்தால், பலவிடத்தும் அச்சொல்லின் பொருள் ‘அங்கே ஏழைகள் பயில்கின்றனர்’ என்பதே. சிலவிடத்து அதனினும் இழிந்து, பணத்தின் பெயரை முன்னிட்டுக் குலத்தைப் பேசுவதாயும் முடிகின்றது. காலனிப் பிள்ளைகள் மிகுதியும் பயிலும் பள்ளியை விலக்கிவிட்டுக் கட்டணப் பள்ளியை நாடுவார் பலர், ஆங்கிலத்தின் பொருட்டென்று காரணங் கூறுவர். நெஞ்சறிய உண்மை பிறிது.

செல்வர் மிக்க பள்ளியிற் சிற்றினத்தின் குணங்கள் இல்லாமலுமில்லை. பிறந்தநாளன்று வகுப்பு முழுதுக்கும் யார் என்ன பொருள் கொடுத்தாரென்று எண்ணுதல், காலணியின் விலையைக்கொண்டு தோழனைத் தேர்தல், கூட்டிப்பெருக்கும் அம்மையைப் பெயரிட்டு ஒருமையில் அழைத்தல் ஆகிய இவை எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. எனினும் செவ்வையாகக் கற்கப்படுகின்றன. காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில் (1954–1963) பள்ளிகளிற் சீருடையும் நண்பகலுணவும் பரவலாயின. சட்டையால் ஏழைமை வெளிப்படலாகாதென்பதே சீருடையின் கருத்து. சட்டை ஒன்றானவுடன் செல்வச்செருக்கு இடம் மாறிக் கைக்கடிகாரத்திலும் காலணியிலும் இன்று கைப்பேசியிலும் போய்க் குடிகொண்டது. சுனியா லூதர் என்னும் உளநூலார் அமெரிக்கச் செல்வர்வாழ் ஊர்களிற் பல்லாண்டு ஆராய்ந்து, அங்குள்ள இளைஞரிடத்து மனக்கவலையும் போதைப்பொருட் பழக்கமும் பொதுநிலையினும் மிக்கிருந்தமை கண்டார். எப்பொழுதும் முதல்வனாக வேண்டுமென்னும் ஓயாத நெருக்கமே இதற்குக் காரணங்களுள் ஒன்றென்று கருதப்பட்டது.

அந்நெருக்கம் தமிழ்நாட்டில் எவ்வளவு தூரஞ் சென்றதென்பதற்கு ஒரு சான்று. பதினொன்றாம் வகுப்பிற் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாது, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் உருவேற்றி மதிப்பெண் வாங்குவிக்கும் வழக்கம் தனியார் பள்ளிகள் பலவற்றில் வேரூன்றிவிட்டது. இதனைத் தடுக்கவே 2017-18 முதற் பதினொன்றாம் வகுப்புக்கும் அரசு பொதுத்தேர்வு வைத்தது. மாநில முதலிடம் இரண்டாமிடம் என்று பெயர் அறிவிக்கும் வழக்கமும் 2017-இல் நிறுத்தப்பட்டது. அப்பதினொன்றாம் வகுப்புத் தேர்வு பிள்ளைகட்குச் சுமையென்று 2025-இல் நீக்கவும்பட்டது. பாடத்தைத் திருடுதல் என்று இதனைச் சொல்லலாகும். ஓராண்டுக் கல்வியைப் பிள்ளையிடமிருந்து மறைத்துவிட்டு, அம்மறைப்புக்குப் பெற்றோரிடமே கட்டணம் வாங்குவதை வேறு எப்பெயரால் அழைப்பது?

இனி, அரசினர் பள்ளியே குற்றமற்றதென்று கூறுவாரும் உளர். அவர் கூற்றும் ஏற்கத்தக்கதன்று. ஆசிரியர் பணியிடம் காலியாய்க் கிடத்தல், கழிப்பறைக்குத் தண்ணீரின்மை, எட்டாம் வகுப்புவரை வந்தும் பத்தி ஒன்றைப் பிழையறப் படிக்கமாட்டாத பிள்ளைகள் ஆகியன உண்மையில் உள்ள குறைகள். தொழிற்பேட்டைச் சுற்றுப்புறத்தில் வேறொரு குறையுமுண்டு. பதினெட்டு வயது நிரம்பியவுடன் ஆலைக்கூலி எளிதிற் கிடைத்தலால், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் சிலர்க்கு மேற்படிப்பில் நாட்டமே எழுவதில்லை. அண்ணன்மார் அறுவர் ஆலைக்குச் சென்றதைக் கண்டவன் தானும் அதனையே வாழ்வின் எல்லையாகக் கொள்ளுதல் சார்பின் செயலேயாம். ஏழைமை தன்னளவில் ஒருவரையும் தூய்மைப்படுத்துவதில்லை. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாதென்பதனாலன்றோ 2022 செப்டம்பர் முதல் அரசு காலையுணவுத் திட்டத்தையும் தொடங்கவேண்டியதாயிற்று.

அங்ஙனமாயின் வழி யாது? செல்வர் ஒருபுறமும் வறியர் ஒருபுறமுமாகப் பிரிந்திருத்தலே நோயென்று கொள்ளின், கலந்து பயிலுதலே மருந்தாதல் வேண்டும். இஃது ஆசையளவான பேச்சன்று. தில்லிநகரில் 2007-இல், தனியார் பள்ளிகள் பல தம் இடங்களில் ஒரு பங்கினை ஏழைப் பிள்ளைகட்கு ஒதுக்கவேண்டுமென்று விதிக்கப்பட்டது. அவ்வாறு ஏழைப் பிள்ளைகளோடு கூடிப் பயின்ற செல்வர் பிள்ளைகளையும், அவர்க்கு முன்னாண்டுகளிற் றம்மினத்தாரோடு மட்டும் பயின்ற செல்வர் பிள்ளைகளையும் கௌதம் ராவ் என்னும் பொருணூலறிஞர் ஒப்பிட்டாராய்ந்து 2019-இல் வெளியிட்டார். கூடிப் பயின்றவர் கொடைக்குணத்தில் மிக்கிருந்தனர், பொதுத்தொண்டுக்கு முன்வந்தனர், பரிசு வைத்து நடத்திய ஓட்டப்பந்தயத்திற்குத் துணைவனைத் தெரியுங்கால், தோற்பினும் செல்வனையே தேர்வேமென்னாது விரைந்தோடும் ஏழைச் சிறுவனைத் தேர்ந்தனர். கணிதத்திலும் இந்தியிலும் அவர்க்கு யாதொரு குறைவும் நேர்ந்திலது. ஆங்கில மதிப்பெண் மட்டும் சிறிது குறைந்தது. அச்சிறு குறைவைக் கண்டு அஞ்சும் பெற்றோர், எதிர்த்தட்டில் வைக்கப்பட்ட பொருள் இன்னதென்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் இக்கருத்தையே நாடெங்கும் விதித்தது. தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினர்க்கு அளிக்கவேண்டுமென்னும் விதியை 2012-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. உதவிபெறாச் சிறுபான்மையினர் பள்ளிகட்கு மட்டும் விலக்களித்தது. தமிழ்நாட்டில் இதற்கு முன்னரே வேறொரு முயற்சி தோன்றியிருந்தது. அரசினர் பாடம், மெட்ரிகுலேஷன் பாடம், ஆங்கிலோ-இந்தியர் பாடம், ஓரியண்டல் பாடம் என்று நான்காய்ப் பிரிந்துகிடந்தவற்றை ஒன்றாக்கச் சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டு எழுந்த வழக்கில் 2011 ஆகஸ்டு 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை நடைமுறைப்படுத்துமாறு தீர்ப்பளித்தது. பாடப்புத்தகம் ஒன்றாயிற்று. ஆயின் பிள்ளைகள் ஒன்றாயினரோ? அது புத்தகத்தாற் கூடுவதன்று. சமச்சீர்ப் பாடம் வேண்டாவென்று மத்தியக் கல்வி வாரியப் பள்ளிகட்குப் பெயர்ந்த குடும்பங்கள் பல. மேலிருந்த வேலியை அகற்றின், பணம் அப்பால் மற்றொரு வேலியை நட்டுக்கொள்ளுகின்றது.

மறுபுறத்து நிகழ்ந்ததும் ஒன்றுண்டு. அரசினர் பள்ளியிற் பயின்றார்க்கு மருத்துவக் கல்லூரி இடங்களில் நூற்றுக்கு 7.5 என 2020-இலும், பிற தொழிற்படிப்புகளில் அவ்வாறே 2021-இலும் உள்ளொதுக்கீடு வந்தது. கொள்ளைநோய்க் காலத்திற் கட்டணங் கட்டமாட்டாது பலர் அரசினர் பள்ளிக்கு வந்தனர். நிலைமை தேறியவுடன் அவருட் பலர் திரும்பிவிட்டனர். இவ்வொதுக்கீட்டைக் கருதிச் சிலர் நின்றனர். பயன் கருதி நின்றாரைப் பழிப்பதற்கில்லை. எக்காரணத்தால் வந்தாராயினும் வந்தவர் குரல் பள்ளிக்கு ஆக்கமே.

ஒரு தடை ஈண்டு எழும். மகனைக் கற்றோர் கூட்டத்தில் முன்னிடம் பெறச் செய்தலே தந்தை செய்யும் உதவியென்று தெய்வப்புலவர் விதித்தாராகலின், ஊர்ப்பள்ளியைச் சீர்திருத்துதற்பொருட்டுத் தன் மகனைப் பணயம் வைத்தல் தகுமோ என்பது அத்தடை. இது வலியுடையதே. தான் நோற்கும் நோன்பின் பட்டினியைப் பிள்ளைமேற் சுமத்தல் எவ்வறநூலுக்கும் உடன்பாடன்று. கணித ஆசிரியரில்லாத பள்ளியில், தன் கொள்கையைக் காட்டுதற்காக ஒருவர் பிள்ளையை விட்டுவைப்பாராயின் அது பிள்ளைக்கு இழைக்கும் தீங்கேயாம். ஆயின் அத்தடை கூறுவார் இரண்டனை மயக்குகின்றனர். ‘இப்பள்ளியிற் பாடம் நடவாது’ என்பது ஒன்று, ‘இப்பள்ளியில் ஏழைகள் பயில்கின்றனர்’ என்பது மற்றொன்று. முதற்காரணத்தால் விலகுவார் தந்தையின் கடமையைச் செய்கின்றார். இரண்டாங் காரணத்தால் விலகுவார் மகனுக்கு முன்னிடம் தேடவில்லை. முன்னிடம் என்பது யாரோடு ஒப்பிட்டுப் பெறுவதோ அவர் முகத்தையே மகன் காணாதவாறு மறைத்துவிடுகின்றார். நாளை அம்மகன் ஆலையில் மேலாளனாவான். அவன்கீழ் நூறு ஒப்பந்தத் தொழிலாளர் நிற்பர். பதினேழு வயதுவரை அவர் பிள்ளைகளுள் ஒருவரோடும் ஒரு பலகையில் அமர்ந்திராதவன் அவர் கூறுவதை எம்மொழியிற் கேட்பான்? சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் தொழிலாளர் 2024 செப்டம்பர் 9 முதல் ஒரு மாதத்திற்கு மேல் வேலைநிறுத்தம் செய்த காலத்து, பேச்சு எளிதில் முடியாமைக்குக் காரணம் பலவாயிருக்கலாம். எனினும் மேசையின் இருபுறத்தும் அமர்வோர் சிறுவயதில் ஒருவரையொருவர் அறியாதாராய் வளர்தல் எந்நாட்டிலும் எவ்வாலையிலும் பேச்சை அரிதாக்குமென்பதில் ஐயமில்லை.

அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015-இல், அரசூதியம் பெறுவோர் தம் பிள்ளைகளை அரசினர் பள்ளியிலேயே சேர்க்கவேண்டுமென்று ஆணையிட்டது. அவ்வாணை செயலுக்கு வந்திலது. வற்புறுத்தலாற் சேர்த்தவர் நெஞ்சு பள்ளியிற் சேராதென்பது ஒருபுறமிருக்க, ஆணையை நிறைவேற்ற வேண்டியவரே ஆணைக்குட்பட்டவராயிருந்தமையும் கருதத்தக்கது.

சேக்கிழார் பெருமான் பிறந்த குன்றத்தூரும், பூசலார் நாயனார் வாழ்ந்த திருநின்றவூரும் இவ்வட்டாரத்துக்கு அணித்தே உள்ளன. காடவர் கோமான் காஞ்சியிற் கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்கு நாட்குறித்தான். பொருளில்லாத பூசலாரோ மனத்துள்ளே கோயிலெடுத்து அதே நாளைக் குறித்தார். இறைவன் நின்றவூருக்கே சென்றருளினான் என்பது வரலாறு. ஏழைமையே போதும், கட்டிடம் வேண்டாவென்பதற்கு இதனை எடுத்துக்காட்டுவார் உளராயின் அவர் வரலாற்றைப் பாதியிலே நிறுத்திவிட்டாராவர். கனவிற் செய்தியறிந்த மன்னன் காஞ்சியில் இருந்துகொண்டே அவ்வடியாரைப் புகழ்ந்துவிடவில்லை. நின்றவூருக்குப் புறப்பட்டுச் சென்றான். கோயில் எங்கேயென்று உசாவினான். பொருளற்ற அவர் முன்சென்று வணங்கினான். சென்றானென்பதே இங்குக் கொள்ளத்தக்கது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபொழுது, வீடுதோறும் பிடியரிசி தண்டி அதனை நடத்தியதும் ஈண்டு நினைக்கத்தக்கது. பிடியரிசி இட்ட வீடு, அப்பள்ளி தன் பள்ளியென்னும் உரிமையையும் உடன்பெற்றது.

ஆகலின் சுங்குவார்சத்திரத்துத் தந்தையொருவர், நிரந்தர ஊதியமுடையவரென்று கொள்க, பள்ளி தெரியுங்கால் விளம்பரப் பலகையிலுள்ள மதிப்பெண்ணையன்றிப் பிறவற்றையுங் காணல்வேண்டும். பதினொன்றாம் வகுப்பிற் பதினொன்றாம் வகுப்புப் பாடம் நடக்கின்றதா? 25 விழுக்காட்டிற் சேர்ந்த பிள்ளைகள் கலந்து அமர்கின்றனரா, ஒரு பிரிவில் ஒதுக்கப்பட்டுள்ளனரா? துப்புரவு செய்யும் அம்மையைப் பிள்ளைகள் எவ்வாறு விளிக்கின்றனர்? அரசினர் பள்ளியாயின், முதன்மைப் பாடங்கட்கு ஆசிரியர் உளரா? உளராயின், கட்டணப் பள்ளிக்கு ஆண்டுதோறும் செலுத்தும் பணத்தில் ஒரு சிறுபகுதியே வீட்டில் நல்ல நூல்கட்குப் போதும்.

“ஒரு குடும்பம் நின்றால் என்னாகும்?” என்பார்க்கு ஒன்று கூறலாம். கல்வியுரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராதல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாதல் வேண்டும். நிரந்தர ஊழியர் ஒருநாள் விடுப்பெடுத்தால் அவர்க்கு ஊதியங் குறைவதில்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அன்றைக்கூலி போம். ஆதலால் வேதியியல் ஆசிரியர் பணியிடம் ஏன் நிரப்பப்படவில்லையென்று இருவர்க்குமாகக் கேட்கும் வாய்ப்பு முன்னவர்க்கே உளது. அக்கூட்டம் முற்பகலில் நடக்குமாயின், ‘நைட் ஷிப்டு’ முடித்து வந்த பெற்றோர் அந்நேரத்தில் உறங்கிக் கிடப்பர். கூட்டத்தின் நேரத்தை மாலைக்கு மாற்றவேண்டுமென்பதே அவர் முதலிற் கேட்கத்தக்கது போலும்.